சிவப்புத் தேன்

பூசணி பூக்கத் தொடங்கினால் ஊரே தேன்காரம்மாவின் தேனீப் பெட்டிகளைத்தான் வயலுக்குக் கேட்கும். அந்தம்மாவுக்கு எதையும் துருவிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

பூக்கள் ஓய்ந்த கோடையில் ஒருநாள், வீட்டுப் பெட்டியின் அடையில் தேன் செக்கச்செவேலென்று இருந்தது.

"இந்த நேரத்துல இப்படி ஒரு பூ எங்க பூக்குது?" என்று பக்கத்து வயல்காரர் வாயைப் பிளந்தார்.

தேன்காரம்மா தேனீக்கள் மேல் கோதுமை மாவைத் தூவினார். வெள்ளையாகப் பறந்தவற்றின் பின்னாலேயே ஓடினார். அவை வரப்பைத் தாண்டி மோட்டார் அறை ஜன்னலுக்குள் நுழைந்தன.

உள்ளே, சர்க்கரை நோய்க்காக இனிப்பையே விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருந்த அவருடைய கணவர், சிவப்புச் சர்பத் பாட்டிலும் கையுமாகத் தேனீக்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஓகோ, நீங்கதானா அந்தப் பூ?" என்றார் மனைவி.