மைக்கைக் கண்டு நடுங்கிய பெரிய மனிதர்கள்

மேடையில் பேசக் கற்றுக்கொடுப்பதும் நீச்சல் கற்றுக்கொடுப்பதும் ஒரே மாதிரி வேலைதான். என்ன, இங்கே தண்ணீர் இல்லாமலே ஆள் முழுகிவிடுவார். மைக் முன்னால் நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்களும் நம்ம கட்சி.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் ஹைஸ்கூல் வாத்தியார். ஊரில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. டாக்டர், வக்கீல், வியாபாரிகள் என்று எல்லோரும் உறுப்பினர்கள். அவர்களுக்குப் பேசவும் கூட்டம் நடத்தவும் பழக்கித்தரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பு.

மில்காரர் குரல்

முதல் நாள் எழுந்தவர் ரைஸ் மில் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி. மில் ஓடும் சத்தத்தையும் மீறி, களத்தில் நெல் காயவைப்பவர்களை உள்ளே இருந்தே அதட்டுகிற ஆள். "சபைக்கு வணக்கம்" என்று ஆரம்பித்தார். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடி வணக்கம் சொன்னார், உட்கார்ந்துவிட்டார்.

"மில்லில் அந்தப் போடு போடுகிறீர்களே, இங்கே என்ன ஆச்சு?" என்றேன்.

"அங்கன நான் சத்தம் போட்டா அவனவன் வேலையைப் பாப்பான், சார்வாள். இங்கன எல்லாரும் என்னையில்லா பாக்கானுவ!"

ஐந்தருவி வகுப்பு

குரல் எழும்பட்டும் என்று, சாரல் சமயத்தில் வகுப்பை ஐந்தருவிக்கு மாற்றினேன். அருவி இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும், அதுதான் பாடம். பாறையில் வக்கீலும் அண்ணாச்சியும் எதிரெதிரே நின்றுகொண்டு "தலைவர் அவர்களே!" "நண்பர்களே!" என்று நரம்பு புடைக்கக் கத்தினார்கள். குளிக்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் கிண்ணத்தோடு நெடுநேரம் காத்திருந்தார். கடைசியில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க சார், ரெண்டு பேருக்கும் தேச்சு விடுதேன், உடம்பு வலி போயிரும்."

யார் பேசுவது?

அந்த வருஷம் சங்கம் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தது. அருவியில் குளித்த பெண்கள் துணி மாற்ற ஒரு மறைவிடம் கிடையாது. ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க, இன்னொருத்தி அதற்குள் மாற்றுவாள். இல்லாவிட்டால் ஈரத்தோடு ஊர் போவாள். சாரல் விழாவுக்கு வரும் அரசாங்க அதிகாரியிடம் மேடையிலேயே கேட்டுவிடுவது என்று எல்லோரும் கைதூக்கினோம். யார் கேட்பது என்றதும் எல்லாக் கையும் இறங்கிவிட்டது. "பொம்பளையாளு துணி மாத்துத விசயத்தை மைக்ல எப்படிச் சொல்ல?" என்றார் வக்கீல்.

எழுந்தவர் கடையநல்லூர் ஜவுளி வியாபாரி மைதீன் பாய். அவருக்குத் திக்குவாய். "எ... என் மவ ஈரச் சேலையோட பஸ்ல வந்து காய்ச்சல்ல கிடந்து பொழைச்சா. நான் பேசுதேன்" என்றார். எதற்குச் சிரமம், மனுவாக எழுதிக் கொடுத்துவிடலாமே என்றார் காரியதரிசி. பாய் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"மனுவை வாங்கி மேசையில வச்சுருவாங்க. ஆளு எதுத்தாப்ல நின்னா எங்க வைப்பாங்க?"

நின்றார்

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட பாய் தவறவில்லை. ஒரு சொல் சிக்கினால் வேறு சொல் தேடக்கூடாது; மூச்சு விட்டு, அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அதையே திரும்பத் திரும்பப் பழகினோம்.

விழாவில், "பெண்கள்" என்ற சொல்லிலேயே அவருக்குச் சிக்கியது. "பெ... பெ..." பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பாய் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களையே பார்த்தபடி நின்றார். சிரிப்பு தானாக அடங்கியது. "பெண்கள்" என்றார், தெளிவாக. மகள் காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னார். "உங்க வீட்டுப் பெண்களும் இங்கதானே குளிக்க வாராங்க?" என்று கேட்டு முடித்தார். அதிகாரி எழுந்து, இடம் ஒதுக்கித் தருகிறோம், கொட்டகையைச் சங்கமே போடலாம் என்று மைக்கிலேயே அறிவித்தார்.

கீழே இறங்கிய பாயின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு வரத்தான் நேரமாச்சு, சார்வாள். ஆனா நான் உக்காரலியே!"

திறப்பு நாள்

அடுத்த சாரலுக்குள் தகரக் கொட்டகை எழுந்துவிட்டது. திறப்பு விழாவில் அண்ணாச்சி பேசினார். கடைசி வரிசைவரை கேட்டது. வக்கீலோ நிறுத்தவே இல்லை. சங்கத் தலைவரான டாக்டர் மணியடித்துப் பார்த்தும் பலனில்லை.

அதற்குள் பண்பொழியிலிருந்து வந்த ஒரு அம்மாள் உள்ளே போய், உலர்ந்த சேலையோடு வெளியே வந்துவிட்டாள். என்ன கூட்டம் இது என்று என்னிடம் கேட்டாள். நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். கூந்தலைத் துவட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதைக் கேக்கவா இத்தன வருசமா ஒரு ஆம்பளைக்கும் வாய் வரல?"

இத்தனை பேருக்கு வகுப்பெடுத்த நான், இதைவிடச் சுருக்கமான பேச்சை அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை என்பதைச் சங்கத்தில் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.