மாமா வாங்கிய குட்டை ஏணி

அந்த ஏணியைச் சுருக்கி வைத்தால் ஒரு பயணப்பெட்டியின் உயரம்தான் இருக்கும். அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிக் கிடக்கும். மேலே பிடித்து இழுத்தால் ஒவ்வொரு படியாக 'டக்', 'டக்' என்று வெளியே வரும். டக் கேட்காத படியில் கால் வைக்கக் கூடாது. இப்போது அது நகரத்துக்குள்ளே, பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுக் குசினியில், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் நிற்கிறது. பல்பு மாற்றவும் திரைச்சீலை கொழுவவும்தான் அதை எடுக்கிறேன். மகள் ஏறும்போதெல்லாம் "டக் கேட்டதோ?" என்று கேட்பேன், அவள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுப்பாள். ஏணியை வாங்கியவர் என் கணவரின் தகப்பனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவர் அதைப் பல்பு மாற்றுவதற்காக வாங்கவில்லை.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருடங்கள். நாங்கள் எல்லோரும் நகரத்துக்கு ஓரமாக, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் கணவர் வாங்கிய வீட்டில் இருந்தோம். கல்யாணம் முடித்து ஊரிலிருந்து வந்து இறங்கியதும் அந்த வீட்டுக்குத்தான். சிறை என்று சொன்னால் அது பொய். ஒருவரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. பூட்டியிருந்தால் உடைத்துக்கொண்டு போயிருப்பேன், அவ்வளவு ரோசம் எனக்கு இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. திறந்தால் எங்கள் புல்லும் எங்கள் கராஜும், அதற்கப்பால் அடுத்த வீட்டுக்காரரின் புல்லும் கராஜும். கார் இல்லாமல் ஒரு முட்டை வாங்கக்கூடப் போக முடியாது. எனக்கு லைசென்ஸ் இல்லை. வீட்டுக் கடனுக்காகக் கணவர் இரவிலும் வேலை செய்தார், பகலில் படுத்துக் கிடந்தார். மாமி, என் கணவரின் தாய், அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்து ஓய்ந்தவ, நல்ல மனுசி, அதுதான் கரைச்சலே. வேலைக்குப் போகட்டோ என்று நான் கேட்டால், "நான் இத்தினை வருஷம் கந்தோர் கந்தோராய்க் கூட்டினது என்ரை மருமகள் இருந்து சாப்பிடவெண்டுதான். உம்மடை மகள் பள்ளிக்கூடம் போகட்டும், பேந்து பாப்பம்" என்பா. கணவரும் பேந்து பாப்பம் என்பார். பேந்து என்றால் பிறகு. அந்த வீட்டில் என் சங்கதி எல்லாம் பேந்துதான்.

அப்படியிருந்தும் அரசாங்கம் இலவசமாக நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு மட்டும் சண்டை பிடித்துப் போனேன். அங்கே படிப்பித்த ரீச்சர் ஒருநாள், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கார்டறியில், அதுதான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடம், தமிழ் தெரிந்த உதவியாளர் தேடுகிறார்கள் என்று சொன்னா. போய்க் கதைத்துவிட்டும் வந்தேன். தமிழ்ப் பிள்ளைகள் அழும்போது என்ன சொல்லி அழுகுதுகள் என்றே தங்களுக்கு விளங்குவதில்லை என்று அங்கேயிருந்த பெண் சொல்லிச் சிரித்தா. கூப்பிடுவோம் என்றா. அன்றிலிருந்து அந்த ரெலிபோனுக்குத்தான் காத்திருந்தேன். குளிக்கப் போனால்கூடக் கதவை நீக்கலாக விட்டுவிட்டுத்தான் குளித்தேன். அழைப்பு வரவேயில்லை. என் பிரெஞ்சு போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மாமாவுக்கு வருகிறேன். அவர் ஒரு தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். என்னோடு அவர் நேரே கதைப்பதில்லை. கோபம் ஒன்றுமில்லை, அவர்கள் குடும்பத்தில் மாமன் மருமகளோடு முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் கிடையாது. எல்லா வீட்டிலும் அப்படியில்லை, இவர்கள் வீட்டில் அப்படி. எனக்குச் சொல்ல வேண்டியதை மாமியிடம் சொல்லுவார், மாமி எனக்குச் சொல்லுவா. மாமி பக்கத்தில் இல்லாவிட்டால் சுவருக்கோ முகட்டுக்கோ சொல்லுவார். நான் அகப்பையோடு முன்னால் நிற்பேன், அவர் மின்விசிறியைப் பார்த்து "சோறு காணும்" என்பார், போதும் என்று அர்த்தம். வந்த புதிதில் சிரிப்பு வரும். பிறகு நானும் பழகிப்போய், பதிலை மேசைக்குச் சொல்லப் பழகினேன்.

அவரிடம் ஒரு ட்ரெயிலர் இருந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, கட்டிலும் அடுப்பும் உள்ள சின்ன வீடு. கூட வேலை செய்த ஒருவரிடம் பழசாக வாங்கியது. மாமி அதற்கு வைத்த பெயர் 'பெட்டி'. "கக்கூசோடை ஒரு பெட்டிக்குள்ளை நான் படுக்கிறதோ?" என்று அவ ஒருமுறை கேட்டதோடு பயணத் திட்டம் எல்லாம் முடிந்தது. வீட்டு வாசலில் நிற்பாட்ட நகரசபை விடாது என்பதால், எங்கள் நகரம் இருக்கிற தீவைத் தாண்டி ஒரு தோட்டக்காரனின் வளவில் வாடகைக்கு நிறுத்தியிருந்தார். ஞாயிறு தவறாமல் போவார். கூரை ஒழுகுகிறது, பொருத்துகளுக்குப் பசை பூச வேண்டும் என்பார். பின்பக்கத்தில் ஏறுவதற்கு இருந்த கம்பிப்படி துருப்பிடித்துக் கழன்றுவிட்டது. வீட்டு ஏணியைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போனால் மாமி வாசலில் நின்று, சனம் பாக்குது, பெயின்ரடிக்கப் போறவர்மாதிரி என்று பேசுவா. ஆகவே மடியக்கூடிய, காரின் டிக்கிக்குள் மறையக்கூடிய ஓர் ஏணி அவருக்கு அவசியமாயிற்று.

ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமை அதை வாங்கக் கடைக்குப் போனோம். பிரெஞ்சு கதைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மாமியிடம் சொல்லியிருந்தார். மாமியும் மகளும் கூடவே வந்தார்கள். மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். ஏணியை வைக்க நினைத்திருந்த, ட்ரெயிலரின் கட்டிலுக்குக் கீழேயுள்ள அறையின் நீளம் அதில் முடிச்சுப் போட்டிருந்தது. ஒவ்வோர் ஏணியாக நூலைப் பிடித்துப் பார்த்தார். தானே கால் விரித்து நிற்கிற ஏணி நல்ல உறுதி, ஆனால் நூலைத் தாண்டிப் போயிற்று. நாலாக மடிகிற ஏணி நூலுக்குள் அடங்கியது, ஆனால் தூக்கிப் பார்த்தவரின் முழங்கால் மடங்கப் பார்த்தது. மிஞ்சியது இந்த இழுக்கிற ஏணி. அதிலும் இரண்டு அளவு. நெட்டை நூலை ஒரு விரற்கடை தாண்டியது, குட்டை சரியாக இருந்தது. ஏணியின் தலை கூரை விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் நெட்டையை எடுங்கள், கீழே ஒருவர் கட்டாயம் பிடிக்கவும் வேண்டும் என்று கடைப்பெண் என்னிடம் சொன்னா. நான் அதைத் தமிழில் மாமிக்குச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மாமா மாமி சொல்லும்வரைக்கும் காத்திருந்து கேட்டுவிட்டு, அலுமாரித் தட்டைப் பார்த்து, "ஏறினாப் பிறகு ஏணிக்கு மேலை என்ன வேலை? ஒராள் பிடிச்சால் காணும்" என்றார். குட்டையையே வாங்கினோம்.

அடுத்தநாள் காலை அவர் காரை எடுத்தார். பிரெஞ்சு கதைக்க ஒராள் தேவை என்று மாமிக்குச் சொல்லியாயிற்று, ஆகவே நானும் ஏறினேன். எங்கள் ஆட்கள் வெளிக்கிடுகிறவரை "எங்கை போறியள்?" என்று கேட்க மாட்டார்கள், போகிற காரியம் பிழைத்துவிடும். "தூரமோ?" என்றுதான் கேட்பார்கள். மாமியும் அப்படித்தான் கேட்டா. "ஓம்" என்றார் மாமா. அவ்வளவுதான். ஏணி டிக்கிக்குள் கிடந்தது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. வீட்டிலிருந்த ஒரேயொரு கைத்தொலைபேசி கணவரின் தலைமாட்டில் கிடந்தது. வழி நெடுக இருவரும் கதைக்கவில்லை. மாமா இரண்டுமுறை தொண்டையைச் செருமினார், பிறகு ரேடியோவைக் கூட்டினார்.

வளவில் குளிர்காலத்துக்கு மூடிக் கட்டிய படகுகளும் ட்ரெயிலர்களும் வரிசையாக நின்றன. ஒரு சனமில்லை. பருக்கைக் கல்லில் ஏணியை நிறுத்தினோம். அதன் தலை கூரை விளிம்பை மட்டுமட்டாகத் தொட்டது. நான் இரண்டு கையாலும் பிடிக்க, மாமா ஏறினார். பிறகு ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லுகிறவர்போல, "ஆராவது ஒருக்கா மேலை வந்தால் நல்லது" என்றார். அந்த வளவில் இருந்த ஒரே ஆராவது நான்தான். யோசிக்காமல் ஏறினேன். கடைசிப் படியிலிருந்து காலை எடுத்துக் கூரையில் வைத்தபோது, பிடிக்க ஆளில்லாத ஏணி கல்லில் வழுக்கி, கீழே சரிந்து விழுந்தது.

இருவரும் விளிம்பில் நின்று அதைப் பார்த்தோம். கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. அந்த வளவு எந்தப் பக்கம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தில் ஒரு பூனை மட்டும்தான் இறங்கலாம். எனக்கு முதலில் வந்தது கோபம். வீட்டுக்குள்ளே அடைபட்டுக் கிடந்தது போதாதென்று வெளியே வந்தும் அடைபட்டேனே என்று கண் கலங்கிவிட்டது. மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூரையில் குந்தினேன். அப்போதுதான் பொருத்துகளைப் பார்த்தேன். ஒழுகுகிற இடம் ஒன்றும் இல்லை. பசைக்கு மேல் பசையாக, விரல் தடிப்புக்கு ஏற்கெனவே பூசிக் கிடந்தது.

"இது எங்கை மாமா ஒழுகுது?" என்றேன். மேசைக்கல்ல, அவருக்கு.

அவரும் குந்திக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார். "ஒழுகேல்லைப் பிள்ளை. ஒரு விஷயம் சொல்லவெண்டுதான் உம்மை மேலை கூப்பிட்டனான். காருக்குள்ளை ரெண்டு தரம் வாயெடுத்தனான், வரேல்லை. வியாழக்கிழமை ஒரு பிரெஞ்சுக்காரி ரெலிபோன் எடுத்தவ. உம்மடை பேரைச் சொன்னவ. கார்டறி எண்டவ. லண்டி எண்டவ, உயித் எர் எண்டவ. திங்கட்கிழமை, எட்டு மணி."

மாமாவுக்குப் பிரெஞ்சில் கிழமைகளும் நேரமும் மட்டும் தெரியும். தொழிற்சாலையில் அது போதுமாக இருந்தது. எனக்கும் அது போதும்.

"திங்கள் நாளைக்கு, மாமா. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மாமியிட்டைச் சொன்னனான். உமக்கு எதையும் அவவிட்டைத்தானே சொல்லுறனான். பேந்து சொல்லுவம் எண்டவ."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் பார்வையை நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு தொடர்ந்து கதைத்தார். முன்பு பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்தபோது படியிறங்கினால் கடை, கடை வாசலில் நாலு சினேகிதர், நடந்தால் மெற்றோ. "இப்ப மகன்ரை வீடு. குறை சொல்லேலாது. காலமை எழும்பினால் புல்லு. பின்னேரமும் அதே புல்லு. இஞ்சை வந்து ஏறி இருந்தால் கார் போறதையாவது பாக்கலாம்." குசினி யன்னலால் நான் பார்க்கிற புல்லைத்தான் அவரும் இவ்வளவு காலமாகப் பார்த்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரண்டு பேரும்.

காற்று எலும்பில் குத்தத் தொடங்கியது. நான் இறங்கப் போகிறேன் என்றேன். "உமக்கொண்டு நடந்தால் நான் வீட்டிலை என்ன சொல்லுறது?" என்றார். நாளைக்கு எட்டு மணிக்கு நான் அங்கே நிற்காவிட்டால், அதைவிட மோசமாக எனக்கு என்ன நடக்க இருக்கிறது மாமா என்றேன். அவர் குப்புறப் படுத்து, "காலைத் தொங்கவிடும். கையைத் தாரும்" என்றார். ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட என் கையிலிருந்து நேரே வாங்காத மனிதர், என் இரண்டு மணிக்கட்டையும் இறுகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கீழே இறக்கினார். "விடட்டோ?" என்று கேட்டார். விடுங்கோ என்றேன். கல்லில் விழுந்து உருண்டேன். உள்ளங்கை உரிந்தது, மற்றப்படி ஒன்றுமில்லை.

ஏணியைத் தூக்கி நிறுத்தப் போனபோது மேலிருந்து, "கொஞ்சம் பொறும் பிள்ளை" என்றார். பொறுத்தேன். அவர் கூரையில் கால் நீட்டி உட்கார்ந்து போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடிந்ததும் சரி என்றார். நான் ஏணியை நிறுத்தி, என் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டில் நானே தொடங்கினேன். நாளையிலிருந்து கார்டறிக்கு வேலைக்குப் போகிறேன் என்றேன். மாமியின் கை சோற்றில் நின்றது. மாமா சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது என்று அவவுக்கு உடனே விளங்கிவிட்டது. கணவர் "அவசரமில்லை, பேந்து பாப்பம்" என்றார். மாமி, "அப்ப பிள்ளையை ஆர் பாக்கிறது? எனக்கு இடுப்பு ஏலாது" என்றா. அதுவும் பொய்யில்லை.

"நான் பாக்கிறன்" என்றார் மாமா.

மாமி சிரித்தா. "உங்களுக்கு அந்தப் பெட்டியைக் கட்டி மேய்க்கவே நேரம் காணாது. பின்னேரம் பசை பூசுறியள், காலமை பசை வாங்கப் போறியள். பிள்ளை பாக்கிறாராம்."

"பெட்டியைக் குடுத்துவிடுவம்."

கொஞ்சம் கறி கேட்கிறவர்போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வேண்டாம் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் பேந்து என்பது திரும்பவும் வந்து அந்த மேசையில் குந்தியிருக்கும். அது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் மாமியைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. மகனும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடோணும்?"

"ஆறரைக்கு, மாமா" என்றேன்.