மாப்பிள்ளை செய்த கார்

என் தங்கை ரெங்கம்மாளின் வீட்டுக்காரர் இராஜாங்கம், பாபநாசத்தில் டிராக்டர் மெக்கானிக். எதையாவது செய்யணும் என்று தோன்றிவிட்டால் அந்த மனுஷர் நாம் சொல்வதைக் கேட்க மாட்டார். முழங்கால் வலியால் ரெங்கம்மாள் சம்பா நடவுக்குப் பிறகு வயல் பக்கமே போகவில்லை. அந்தச் சேற்றுப் பாதைக்கு எந்த ஆட்டோவும் வராது. அறுப்புக்குள் பயிரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் தினமும் புலம்பினாள். இவர் பழைய பவர் டில்லர் எஞ்சினை வைத்து இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றைச் செய்துவிட்டார்.

“எங்கயாவது முட்டினா என் தங்கச்சி கதி என்ன மாப்ள?” என்று கேட்டு, நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் களத்தில் நின்ற காரில் அவள் சீட்டில் அறுபது கிலோ நெல் மூட்டை உட்கார்ந்திருந்தது. “நான் அம்பத்தெட்டுதான்” என்றாள் ரெங்கம்மாள். மனுஷர் மூட்டையைப் பிரித்து இரண்டு கிலோவை அள்ளி வெளியே வைத்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மேட்டிலிருந்து காரைத் தள்ளிவிட்டோம். கீழே கிடந்த தென்னந்தடியில் முட்டியதும் மூட்டை பறந்துபோய் வெடித்தது. கோழிகளுக்கு நல்ல விருந்து.

அடுத்து ஒரு பெல்ட் தைத்து, மூட்டை கட்டிப் பழகிய கையால் நடுவில் இறுக்கிக் கட்டினார். இந்த முறை மூட்டை விழவில்லை. ஆனால் அதன் மேல்பாதி மடங்கி முன் தகட்டில் மோதியது.

“மூட்டைக்குத் தலை இல்ல. ரெங்கம்மாவுக்கு இருக்கே” என்று முணுமுணுத்தவர், தோள் வழியாக இன்னொரு பட்டையைத் தைக்க உட்கார்ந்தார்.

“கடையில விக்கிற கார்ல அப்படித்தானே இருக்கு” என்று எரிந்து விழுந்தேன்.

“இருக்கு மச்சான். ஏன் இருக்குன்னு இப்பதான் புரியுது.”

மூன்றாவது முறை மூட்டை அசையவே இல்லை. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெங்கம்மாளை ஏற்றி, பெல்ட்டை மாட்டிவிட்டு, ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தார். அவள் அவர் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்களுக்கு எங்க?”

“நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்குவேன்.”

அவள் தன் பெல்ட்டைக் கழற்றினாள். “முட்டினா நான் மட்டும் பத்திரமா உக்காந்திருந்து என்ன பண்றது? யாரோட வீட்டுக்குத் திரும்பி வர்றது?” நான்கு மாதமாக வயலுக்கு ஏங்கியவள், வலியோடு இறங்கிக் களத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இராஜாங்கம் கத்தரியும் பட்டையுமாக வந்து தன் சீட்டை அளந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவருடைய பெல்ட்டை அவளே இழுத்துப் பார்த்த பிறகுதான் கார் நகர்ந்தது. வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. ரெங்கம்மாள் பயிரைப் பார்த்து அழுதாள். சைக்கிளில் பின்னால் போன நானும் அழுதேன்.