அடுப்படி வாசல் தாண்டிய தோல்

பதினோரு வருஷமாக ராய் ஹோல்ராய்டின் நெஞ்சில் ஒரு வாளி கிடந்து உறுத்தியது.

நீல பிளாஸ்டிக் வாளி. பெண்டாட்டி விட்டுப்போன வருஷம் அவன் அந்தத் தெருவுக்குக் குடிவந்தான். நாலு பேரோடு பழகிவைப்போமே என்று கேரட் தோலும் முட்டைக்கோஸ் தண்டும் நிரப்பி, அடுத்த வீட்டு எனிட் சக்டனிடம் கொண்டுபோனான். எனிட் கொல்லையில் ஆறு கோழி வளர்த்தாள்.

"உன் அடுப்படியிலேர்ந்து வந்ததா?" என்றாள்.

"பின்ன, சந்திரன்லேர்ந்தா வரும்?"

"அப்ப வேண்டாம் கண்ணு. குப்பையில போடு."

எதிர்வீட்டுக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். ராய் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். என் அடுப்படி என்ன சாக்கடையா? பிழைப்புக்காக ஊரார் கூரைமேல் ஏறி ஓடு மாற்றும்போதெல்லாம் இந்தக் கேள்வி அவனோடு ஏணியேறியது. அதன்பிறகு அவளைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவான்.

சட்டம் என்னவோ எனிட் பக்கம்தான். இறைச்சி புழங்கும் அடுப்படிக்குள் ஒருமுறை போய்விட்டால், நோய் பரவும் என்று வெறும் கேரட் தோலைக்கூடக் கோழிக்குப் போடக் கூடாது. தெருவில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மிச்சமான உருளைக்கிழங்கும் குழம்பும் நேராகக் கூண்டுக்குப் போகும். எனிட் மட்டும் கொல்லைக் குழாயடியில் ஒரு பலகை போட்டிருந்தாள். பாத்தியில் அறுத்த முட்டைக்கோஸின் மேல் இலையை அங்கேயே, ஆலங்கட்டி அடித்தாலும் நின்று உரிப்பாள். இலை கோழிக்கு, உருண்டை வீட்டுக்கு. உள்ளே போனது எதுவும் கோழியிடம் திரும்பி வராது. பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருஷம் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டவள், குளிரில் விரல் சிவக்க நிற்பதைப் பார்த்து, மறை கழன்ற கேஸ் என்றது தெரு. அதிகம் சொன்னவன் ராய்.

ஜனவரியில் அந்தக் குழாயடிப் பனிக்கட்டியில்தான் எனிட் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"ராய்! பனிக்காலத்துல கூரை வேலை இல்லாம வீட்டுல கிடக்கிறவன் நீ ஒருத்தன்தான். கோழியைப் பார்த்துக்க. தீவனம் தகர டப்பாவுல இருக்கு. உன் அடுப்படியிலேர்ந்து ஒண்ணும் போடாதே. ஒண்ணும்."

"தெரியும், தெரியும். பதினோரு வருஷமாத் தெரியும்."

எட்டு நாள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டான். பறவைக் காய்ச்சல் பரவியதால் கோழிகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. வலைக்குள்ளேயே அடைந்து கிடந்தன. ஒன்பதாம் நாள் காலை தரை இரும்பாக உறைந்திருந்தது. ராய் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் ஏற்றியிருந்தான். சீவிப்போட்ட தோல் நீளநீளமாகப் பலகையில் கிடந்தது. கறி நறுக்கிய அதே பலகை. மூலையில் அந்த நீல வாளி.

பாவம், குளிரில் வாயில்லா ஜீவன்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது முழுதும் பரிதாபம் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். கொட்டினான். ஆறும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தின்றன. பதினோரு வருஷ வழக்கில் ஜெயித்துவிட்டவன் போல வீட்டுக்குள் வந்தான்.

மூன்றாம் நாள் கஸ்டர்ட் என்ற கோழி கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. எல்லாக் கோழிக்கும் பள்ளிக்கூடத்து இனிப்புகளின் பெயர்தான் வைத்திருந்தாள் எனிட். தீவனம் தொடவில்லை, கண் பாதி மூடியிருந்தது. பத்து மைல் தள்ளி ஒரு பண்ணையில் காய்ச்சல் வந்து எல்லாவற்றையும் கொன்றிருந்தார்கள். கால்நடைத் துறைக்குப் போன் செய்யாமல் இருக்க முடியாது. செய்தான்.

மதியமே வெள்ளை உடுப்பும் ரப்பர் பூட்ஸுமாக விலங்கு நல அதிகாரி ஒரு பெண் வந்தாள். கஸ்டர்டைக் கக்கத்தில் இடுக்கி, தொண்டையிலும் பின்புறமும் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதனைக்கு எடுத்தாள்.

"காய்ச்சலா இருந்தா?" என்றான் ராய்.

"ஆறும் போகும், மிஸ்டர் ஹோல்ராய்ட். முடிவு வர ரெண்டு நாளாகும்." அவள் விரல்கள் கோழியின் மார்புக்கு மேலே நின்றன. "இரைப்பை கல்லு மாதிரி இருக்கே. நீளமா எதையோ முழுங்கி அடைச்சிருக்கு. என்ன போட்டீங்க?"

நீளப் புல் தின்றாலும் இப்படி அடைக்கும். அது அவனுக்கே தெரியும். புல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயெடுத்தான். கஸ்டர்ட் ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தது.

"உருளைக்கிழங்குத் தோல்," என்றான். "என் அடுப்படியிலேர்ந்து."

அவள் எழுதிக்கொண்டாள்.

"எச்சரிக்கைக் கடிதம் வரும்."

"என் பேருக்கு எழுதுங்க. தப்பு பண்ணவன் நான்."

"கோழி வளர்க்கிறவர்னு பதிஞ்சிருக்கிறது எனிட் சக்டன். கடிதம் அவங்களுக்குத்தான் போகும்."

கஸ்டர்டின் இரைப்பையில் எண்ணெய் விட்டுப் பிசையச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். ராய் ரெண்டு நாளும் தடித்த விரலால் பிசைந்தான். தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றான். ரெண்டாம் நாள் சாயங்காலம் கட்டி இளகியது. மறுநாள் காலை போன் வந்தது. காய்ச்சல் இல்லை. அவன் கூண்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கடிதம் எனிட் கைக்குப் போய்ச் சேருமுன் தானே சொல்லிவிட வேண்டும். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான்.

எனிட் ரொம்ப இளைத்திருந்தாள். குரல் மட்டும் இளைக்கவில்லை. "எத்தனை செத்துச்சு?"

"ஒண்ணும் சாகல."

"பின்ன ஏன் உன் மூஞ்சி ஓடு பறந்த கூரை மாதிரி இருக்கு?"

சொன்னான். வாளி, தோல், கறிப்பலகை, கடிதம், எதையும் விடாமல் சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது அவனுக்கு.

"வடக்கே கம்பிரியாவுல எங்க பண்ணையில நூத்தி நாப்பது மாடு," என்றாள். "கோமாரி வந்த வருஷம். எங்கேயோ எவனோ பன்னித் தொட்டியில கறி கலந்த எச்சில் சாப்பாட்டைக் கொட்டினான், அதுலேர்ந்துதான் பரவுச்சுன்னாங்க. அவன் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல. ஆனா அத்தனையும் கொன்னு போட்டு, எங்க மாடு மூணு நாள் எரிஞ்சுது. கொல்லச் சம்மதம்னு காகிதத்துல கையெழுத்துப் போட்டவ நான்தான். என் வீட்டுக்காரர் அதுக்கப்புறம் சரியாப் பேசவே இல்ல, போய்ச் சேர்ற வரைக்கும்."

ராய் தொப்பியைக் கசக்கினான். "அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே."

"நீ எங்க கேட்ட? வாளியைத் தூக்கிட்டு விறுவிறுன்னு போயிட்ட."

"என் அடுப்படி அழுக்குன்னு சொல்றேன்னு நினைச்சேன்."

"மக்கு. என் அடுப்படியையே நான் நம்பல, உன்னோடதையா நம்புவேன்?"

இருவரும் சிரித்தார்கள். அவளுக்கு இருமல் வந்து சிரிப்பு நின்றது.

அந்த இருமல்தான் சளிக்காய்ச்சலாகி, பத்து நாளில் அவளைக் கொண்டுபோனது. ராய் அதன்பிறகு அவளை உயிரோடு பார்க்கவில்லை. அன்றைக்குக் கதவு வரை போனவனை அவள் கூப்பிட்டாள்.

"அந்த நீல வாளி இன்னும் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"தூக்கி எறி. புதுசா ஒண்ணு வாங்கி என் குழாயடி ஆணியில மாட்டு. பாத்தியில அறுத்ததை அங்கேயே நின்னு நறுக்கு, மழை பெஞ்சாலும். உன் வாசப்படி தாண்டிப் போன எதையும் அதுங்களுக்குப் போடாதே, ராய். ஒத்தைக் கேரட் தோல்கூட."