அம்பக்கா படித்துக்கொண்டிருந்த நாவல்

அம்பக்காவின் சொந்தப் பெயர் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேஜை அவருடையது. தைத்து முடித்த சட்டைகள் அவர் முன்னால் வந்து குவியும். தையல் விட்டிருந்தாலோ, பொத்தான் கோணியிருந்தாலோ, துணியில் கறை பட்டிருந்தாலோ, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் என்று பெயர் வாங்கியவர்.

நான் காலர் தைப்பவள். அவர் என் காலர்களில் ஒட்டிய அம்புகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சுவரையே சிவப்பாக்கியிருக்கலாம். முதல் வருஷம் முழுக்க அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அதிலும் அவர் உட்காரும் நாற்காலி. முதுகு சாயும் நாற்காலி அந்தத் தளத்தில் ஒன்றே ஒன்றுதான். எனக்கு வாய்த்தது சாய்மானம் இல்லாத ஸ்டூல். ஆறு வருஷத்தில் என் கழுத்து இடது பக்கம் திரும்புவதையே மறந்துவிட்டது. அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் நான்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்பக்காவுக்கும் தெரியும்.

எங்களை ஒட்டவைத்தது நாவல்தான். போனை கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஜன்னல்கள் ஆளுயரத்துக்கு மேலே இருக்கும், அதற்கும் பெயிண்ட் அடித்திருக்கும். மத்தியானம் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. அந்த அரை மணி நேரத்தில் எவ்வளவுதான் மாமியாரைத் திட்டுவது? அதனால் எங்கள் மேஜையில் நாலு பேர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அம்பக்கா, நான், பட்டன் ஓட்டை போடும் காஜா, இஸ்திரி அண்ணன். டப்பாவைத் திறந்ததும் ஒவ்வொருவரும் இப்போது என்ன நாவல் படிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். படித்த இடம் வரைக்கும்தான் கதை சொல்லலாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. முடித்ததும் புத்தகம் இடது பக்கம் இருப்பவருக்குப் போகும். பிடிக்கவில்லை என்று தட்டிக் கழிக்க முடியாது. இதற்கு மேஜைச் சட்டம் என்று பெயர். அம்பக்காவுக்கு இடது பக்கம் நான்.

புத்தகம் வாங்குவது இஸ்திரி அண்ணன் பொறுப்பு. பழைய பேப்பர் கடையில் கட்டாக அள்ளிக்கொண்டு வருவார். மிஞ்சிப்போன பேட்டர்ன் பேப்பரால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பழுப்பு அட்டை போடுவார். மேலே ஒன்றும் எழுத மாட்டார். கட்டுக்குள் கையை விட்டு எடுத்தது எதுவோ அதுதான் நம்முடையது. திறந்து பார்த்து, நாவல் இல்லையென்றால் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை காஜாவுக்குப் பழைய ரயில்வே கால அட்டவணை வந்தது. "இதுல எல்லாரும் போய்க்கிட்டே இருக்காங்கண்ணே, ஒருத்தரும் வீடு போய்ச் சேரலை" என்று திருப்பிக் கொடுத்தாள்.

இஸ்திரி அண்ணனுக்குக் குடும்பக் கதைதான் பிடிக்கும். இஸ்திரிப் பெட்டி ஆவியில் கண் கலங்குகிறது என்று அவர் சொல்வதை நாங்கள் நம்புகிற மாதிரி நடிப்போம். நான் கொலைக் கதை ஆள். அம்பக்கா எது கிடைத்தாலும் படிப்பார். ஆனால் அவர் சொல்லும்போது எங்கள் மூன்று பேருக்கும் சோறு ஆறிப்போகும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாவலை எடுத்தார். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்காரும் ஒரு பெண்ணின் கதை. ஒரு நாள் அவள் கூண்டின் கதவு வெளிப்பக்கம் இறுகிக்கொள்கிறது, திறக்க வரவில்லை. வரிசையில் ஆள் நிற்கிறார்கள். சரி, கூட்டம் குறையட்டும் என்று டிக்கெட் கொடுக்கிறாள். கூட்டம் குறையவே இல்லை. மறுநாளும் கொடுக்கிறாள். கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஒரு பயணி அவளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

எங்களுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. காஜா ஓட்டையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டு, "அவ இன்னிக்காவது வெளிய வருவாளாக்கா?" என்று என்னைக் கேட்பாள். இஸ்திரி அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"கத்தித் தொலைக்க வேண்டியதுதானே அவ? வாய் இல்லையா?"

"கத்தினா கதவை உடைச்சு வெளிய எடுத்துடுவாங்க. அப்புறம் வேற ஆளை உள்ள உக்கார வைப்பாங்க. அவளுக்கு அது தெரியும்" என்றார் அம்பக்கா. டப்பாவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

ஐந்து வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை அம்பக்கா புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "நான் இதுக்கு மேல போக முடியலை. நீ படிச்சுச் சொல்லு" என்றார். முடிக்காமல் கொடுப்பது சட்டத்தில் இல்லாத விஷயம். முடிவைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்துப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து திறந்தேன். கோழி வளர்ப்பு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கோழி வளர்ப்பு. படம் ஒன்றுகூட இல்லை, பொடி எழுத்து. கூண்டின் அளவு, தீவனம், கழிச்சல் நோய், தடுப்பூசி. சத்தம் போட்டுச் சிரித்தேன். அம்பக்கா எங்களை ஐந்து வாரமாக முட்டாளாக்கியிருக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

திறந்து பார்த்தவுடன் போட்டுவிட்டு வேறு எடுத்திருக்கலாமே. ஏன் எடுக்கவில்லை?

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஊசியில் நூல் கோர்க்க காஜாவைக் கூப்பிடுவது. சட்டையைப் பார்க்காமல் கட்டைவிரல் நகத்தைத் தையல் மேல் ஓட்டிக்கொண்டே போவது. அதைத் தொழில் சுத்தம் என்று நாங்கள் மெச்சியிருந்தோம். தையல் விட்ட இடத்தை விரல் கண்டுபிடித்துவிடும். கறையை விரல் கண்டுபிடிக்காது. யோசித்துப் பார்த்தால், கறைக்கு அவர் அம்பு ஒட்டிப் பல மாதம் ஆகியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. நாற்காலிதான் வந்தது. இதை இங்கே மறைப்பதில் அர்த்தம் இல்லை. என் கழுத்தின் மேல் சத்தியமாக, அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரியே ஒரு நிமிஷம் இருந்தது. அதற்கப்புறம்தான் அவர் வீடு ஞாபகம் வந்தது. செக்கிங் ஆட்களுக்கு மட்டும் கம்பெனி இரண்டு அறை கொண்ட வீடு கொடுக்கும். வேலை போனால் அந்த மாதமே சாவியும் போகும். அவர் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஆனால் எந்த வேலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். அந்த வீட்டில் விடிவது அம்பக்காவின் கண்ணால்தான்.

திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்குவதால் அவருக்கு அதுதான் பெயர். மூன்று பெட்டி வெள்ளைச் சட்டை திரும்பி வந்திருந்தது. எல்லாவற்றிலும் எண்ணெய்ப் புள்ளி.

"நீ தினமும் அவங்களோட சாப்பிடுறே. அவங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?" என்றார். "எனக்கு ஒரு வார்த்தை போதும். நாளையிலிருந்து அந்த நாற்காலி உன்னோடது."

"மத்தியானம் சொல்றேன் சார்" என்றேன். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டேனே. நான் சொல்லாவிட்டாலும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள் என்று காலர்களைத் தைத்தபடி எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் வைப்பதற்குள் ஸ்டாப்வாட்சே மேஜைக்கு வந்து நின்றார். என் பக்கத்தில் பழுப்பு அட்டைப் புத்தகம் கிடந்தது.

"பெரிய படிப்பாளிங்க மேஜையாமே இது" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்து அம்பக்கா முன்னால் வைத்தார். "எங்கே, ஒரு பக்கம் படிங்க. நானும் கேக்குறேன்."

காஜாவுக்கும் இஸ்திரி அண்ணனுக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்பக்கா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். முகத்தில் பதற்றமே இல்லை. பக்கத்தின் ஓரத்தை மட்டும் தடவினார். ஸ்டாப்வாட்ச் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதுகூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எட்டிப் பிடுங்கிவிட்டேன்.

"எங்க மேஜைச் சட்டம் உங்களுக்குத் தெரியாது சார். புத்தகம் இப்போ என் கைக்கு வந்தாச்சு. யார் கையில இருக்கோ அவங்கதான் படிக்கணும்."

படிக்க ஆரம்பித்தேன். கண் கழிச்சல் நோயின் மேல் ஓடியது. வாய், டிக்கெட் கவுண்டர் பெண்ணின் ஏழாவது நாளைப் படித்தது. மழை பெய்கிறது. வரிசையில் குடைகள். கூண்டுக்குள் கால் மரத்துப்போகிறது, நின்றுகொண்டே டிக்கெட் கிழிக்கிறாள். எங்கிருந்துதான் வந்ததோ, தடுமாறாமல் வந்தது. காஜா சோற்றில் கை வைத்தபடி வாயைப் பிளந்து கேட்டாள். "நிக்காதீங்க சார், வெளிச்சத்தை மறைக்குது" என்றார் இஸ்திரி அண்ணன்.

இரண்டு பக்கம் முடிந்ததும் ஸ்டாப்வாட்ச் குனிந்து என்னிடம் கேட்டார். "காலையில கேட்டதுக்கு இதான் பதிலா?"

"அக்கா கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு. அந்தப் புள்ளி பேக்கிங்ல பட்டிருக்கும்."

"அப்போ நாற்காலி?"

"ஸ்டூல் பழகிடுச்சு சார்."

அவர் போய்விட்டார். அம்பக்கா டப்பாவை மூடினார். எனக்குள் பெரிய தியாகி போல ஒரு பூரிப்பு. நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அந்த வார்த்தைக்காகவே கை கழுவும் குழாய் வரை அவர் பின்னாலேயே போனேன்.

"அது என்ன புத்தகம்?" என்று கேட்டார்.

"கோழி வளர்ப்புக்கா."

சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சனிக்கிழமை அதை உன்கிட்ட ஏன் கொடுத்தேன்னு நினைச்சே?" என்றார்.

"படிக்க முடியலைன்னு."

"படிக்க முடியாமப் போய் ஒரு வருஷம் ஆகுது. நடுப்பார்வை போயிடுச்சு, கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். உன்கிட்ட கொடுத்தா நீ கண்டுபிடிப்பே. உனக்கு அந்த நாற்காலி மேல ஆசை. நீ நேராப் போய்ச் சொல்லிடுவேன்னுதான் கொடுத்தேன்."

எனக்குத் தலையில் ஒன்றும் ஏறவில்லை. குழாயை மூடவும் மறந்துபோய் நின்றேன். அவரே மூடினார்.

"நானாப் போய்ச் சொன்னா வீட்டுல என்னன்னு சொல்லுவேன்? வீட்டை விட்டுட்டு வந்து நிக்கிறேன்னா? மாட்டிக்கிட்டேன்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. குழந்தைச் சட்டை லாட் வரும்போதெல்லாம் எனக்கு உயிரே போகுது. உடைஞ்ச ஊசி முனை ஒண்ணு உள்ள இருந்து நான் விட்டுட்டா? இன்னிக்கு அந்த ஆள் புத்தகத்தை என் முன்னால வச்சப்போ அப்பாடான்னு இருந்துச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல் ஈரமாக இருந்தது. "உன்மேல கோபம் இல்லைம்மா. நீ நல்லதுதான் பண்ணினே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இப்பப் போய்ச் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ பொய் சொன்னதும் வெளிய வரும். ரெண்டு பேருக்கும் வேலை போகும்."

விசில் அடித்தது. உள்ளே போனோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் போகும் அளவுக்குத்தான் வழி. குழந்தைச் சட்டை லாட் வந்து இறங்கியது. அவர் முதல் சட்டையை எடுத்துத் தையல் முழுக்க நகத்தை ஓட்டிவிட்டு, ஸ்டாப்வாட்ச் அந்தப் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, அதை என் மெஷின் பக்கம் நீட்டினார்.

"பாரு" என்றார்.

காலரை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், கை மடிப்பு. திருப்பிக் கொடுத்தேன். அவர் அடுத்ததை நீட்டினார். அன்றைக்கு வந்தது அறுநூறு சட்டை. அவர் மகளின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.