முகூர்த்தமும் இரண்டாம் வாசிப்பும்

அத்தை பஞ்சாங்கம் பார்த்து மூன்று தேதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே ஒட்டியிருந்த நாடாளுமன்றக் கூட்டக் காலண்டரோடு அவற்றை வைத்துப் பார்த்தேன். மூன்றுமே கூட்டம் நடக்கும் நாட்களில் விழுந்தன.

"வேற தேதி இல்லையா அத்தை?"

"இருக்கு. தை மாசம். ஒனக்கு இப்பவே நாப்பத்து மூணு. தை வரைக்கும் உன்ன நம்ப முடியாதுலா, மனச மாத்திக்குவே. மூணுல அந்தப் புதன்கிழமையே வச்சுக்கோ. வெள்ளன முகூர்த்தம். வேல நாளா இருந்தா கோயில் மண்டபமும் ஈசியா கெடைக்கும்."

நான் ஓர் அமைச்சின் சட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் அமைச்சு ஒரு சட்டத்தைத் திருத்த நினைத்தால், அந்த மசோதா எழுதப்படும் நாள் முதல் மக்களவையில் நிறைவேறும் நாள்வரை அதன் கூடவே அலைவது என் பிழைப்பு. மாப்பிள்ளை கிள்ளானில் ஏர்கான் சர்வீஸ் செய்பவர். சொந்தமாக ஒரு வேன் வைத்திருந்தார். மனைவியை இழந்து பல வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் ஏர்கான் தண்ணீர் ஒழுகியபோது யாரோ கொடுத்த நம்பரில் கூப்பிட்டேன். வந்து சரிசெய்தார். இரண்டு வாரம் கழித்து அவராகவே மறுபடி வந்தார். ஏர்கானில் ஒரு கோளாறும் இல்லை. "சும்மா செக் பண்ணிட்டுப் போலாம்னு" என்றார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அப்படித்தான் தொடங்கியது.

நாடாளுமன்றம் எந்த வாரங்களில் கூடும் என்பது முந்தைய வருடமே தெரிந்துவிடும். அந்தக் காலண்டரை நம்பி விமான டிக்கெட் போடலாம். ஆனால் கூடிய பிறகு எந்த நாளில் எந்த மசோதா வரும் என்பது வேறு சங்கதி. அன்றன்றைக்கு ஓர் அலுவல் நிரல் வரும். காலையில் கேள்வி நேரம், அதன் பிறகு மசோதாக்கள் வரிசையாக. முதல் மசோதாவின் மீது நிறையப் பேர் பேச எழுந்தால் இரண்டாவது மசோதா காத்திருக்க வேண்டும். கிளினிக்கில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போலத்தான். உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் மசோதா மிகச் சிறியது. கடைகளிலும் தொழிற்சாலை வாசல்களிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கையும் ஓய்வு நேரமும் தரவேண்டும் என்ற சில பிரிவுகள், அவ்வளவுதான். முன்பு ஒருமுறை அதை மக்களவை வரை கொண்டுபோயிருந்தோம். விவாதத்துக்கு வருவதற்குள் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. கலைந்தால் நிலுவையில் உள்ள மசோதாக்கள் எல்லாம் காலாவதி. தேர்தல் முடிந்து, புது அமைச்சர் வந்து, முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தோம்.

என் அப்பா கிள்ளானில் ஒரு கிடங்கின் வாசலில் காவலாளியாக இருந்தவர். லோரிகள் உள்ளே வர, வெளியே போக, தடுப்பை ஏற்றி இறக்குவது அவர் வேலை. வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு செய்தி பார்ப்பார். இந்த மசோதாவை என் மேசைக்குக் கொண்டு வந்தது அப்பா இல்லை, மேலதிகாரிகள்தான். ஆனால் அது வந்தபோது வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் வாசிப்பு நல்லபடியாக முடிந்தது. முதல் வாசிப்பில் யாரும் எதையும் வாசிப்பதில்லை; மசோதாவின் பெயரைச் சொல்லித் தாக்கல் செய்வதோடு சரி. உண்மையான விவாதம் இரண்டாம் வாசிப்பில்தான். அது கூட்டத்தின் கடைசி வாரம், திங்கட்கிழமை என்று சொன்னார்கள். திங்கள் முடிந்தால் செவ்வாய் மருதாணி, புதன் கல்யாணம். எனக்கும் திருப்தி, அத்தைக்கும் திருப்தி. புதன் முதல் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை எங்களுக்கு முன்னால் இருந்த மசோதாவின் மேல் உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நானும் சக அதிகாரிகளும் அவைக்குப் பக்கத்தில் அதிகாரிகளுக்கான இடத்தில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தோம். அன்று எங்கள் முறை வரவில்லை. செவ்வாய்க்கிழமை அதே மசோதாவைக் குழுநிலையில் பிரிவு பிரிவாக எடுத்துக்கொண்டார்கள். குழுநிலை என்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகப் பேசலாம், திருத்தம் கேட்கலாம். பிற்பகல் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாலையில் மறுநாளுக்கான நிரல் வந்தது. எங்கள் மசோதா இரண்டாவது அலுவல். புதன்கிழமை.

என் மேலதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அன்று நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே பேசிவிட்டார். "உன் விடுமுறை விடுமுறைதான். நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். கல்யாணப் பெண் நாடாளுமன்றத்துக்கு வந்தால் உன் குடும்பம் என்னைச் சபிக்கும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பெண் என் கைகளில் மருதாணி வைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"நாளைக்குத்தானா அந்த மசோதா?" என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து கிள்ளானில் யார் வீட்டிலோ ஏணியில் நின்றபடி போனில் நாடாளுமன்ற நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆமா. ஆனா நான் லீவு. போகப் போறதில்ல."

"முகூர்த்தம் வெள்ளனயே முடிஞ்சிரும். அங்க பத்து மணிக்குத்தானே தொடங்குது?"

"கேள்வி நேரம் முடிஞ்சுதான் மசோதா. மதியம் ஆகும். விருந்து இருக்கு, சொந்தக்காரங்க இருக்காங்க."

"சாப்பாட்டுப் பந்தியில உக்காந்துக்கிட்டு நீங்க போனத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க. அதுக்கு நேரா போயே பாத்துருங்க. நான் வேன்ல கொண்டாந்து விடறேன்."

மருதாணி வைத்துக்கொண்டிருந்த பெண், "கைய ஆட்டாதீங்க அக்கா" என்றாள். நான் ஆட்டிவிட்டிருந்தேன்.

புதன்கிழமை விடியும்போது பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. சிவப்புப் பட்டும் மாலையும் நாதஸ்வரமும் எல்லாம் முறைப்படிதான். அவர் இரண்டு முடிச்சுப் போட்டுத் தாலி கட்டினார். மூன்றாம் முடிச்சை அத்தை போட்டு முடித்தார். பதிவாளரின் புத்தகத்தில் கையெழுத்து வைத்தோம். அப்பா எங்கள் இருவர் தலையிலும் அட்சதை போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தையிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "பார்லிமெண்டா? கல்யாணத்தன்னிக்கா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு அவரே, "மதியச் சாப்பாட்ட நாங்க சாப்பிட்டுக்கிறோம். உங்களுக்குக் கட்டிக் குடுக்கறேன். போறதுன்னா சீக்கிரம் போ, பொடவைய மாத்து" என்றார்.

வெளிர் நீலத்தில் ஒரு பட்டுப் புடவை கட்டிக்கொண்டேன். தலையில் பூவை எடுக்க அத்தை விடவில்லை. மஞ்சள் கயிறு புதியதாக, தடிமனாகக் கழுத்தில் கிடந்தது.

அப்பாவும் வருவேன் என்றார். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "எனக்கும் காட்டு. எத்தன வருஷமா பேசிக்கிட்டிருக்கே" என்றார். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். ஏற்பாடு செய்கிறேன் என்றார். இன்னொரு சிக்கல், உடை. வேட்டி சட்டையோடு விடுவார்களா என்று எனக்கு நிச்சயமில்லை. மாப்பிள்ளையின் வேனில் எப்போதும் ஒரு கால்சட்டை இருக்கும். அப்பாவுக்கு ஒரு கால்சட்டையையும், அரசு அலுவலகங்களுக்குப் போட்டுப்போகும் பூப்போட்ட பாத்தேக் சட்டைகள் இரண்டையும் அத்தையின் மகன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அப்பாவுக்குச் சட்டை முழங்கால் வரை வந்தது. வாசலில் இருந்த போலீஸ்காரர் பரிசோதித்துவிட்டு, அப்பாவின் நெற்றியில் இருந்த சந்தனத்தையும் என் கைகளையும் பார்த்தார். "பாச்சிக், யாருக்குக் கல்யாணம்?" என்று மாமா முறை சொல்லி அப்பாவிடம் மலாயில் கேட்டார். அப்பா எங்கள் இருவரையும் காட்டினார். போலீஸ்காரர் எழுந்து நின்று மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினார்.

அதிகாரிகள் இடத்தில் நான் போய் உட்கார்ந்தபோது மேலதிகாரி என் தோளைத் தட்டிவிட்டுத் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். என் தலைப்பூவின் வாசம் அந்த இடம் முழுக்க அடித்தது.

காத்திருந்தோம். கேள்வி நேரம் முடிந்தது. முந்தைய மசோதாவின் மிச்சம் வந்தது. மதிய இடைவேளை வந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள், எனக்குப் பசிக்கவில்லை. அந்நேரம் மண்டபத்தில் வாழையிலை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வருத்தமாக இல்லை. மேலே மாடத்தைப் பார்த்தால் கணவரும் அப்பாவும் தெரிந்தார்கள். கணவர் கண்கொட்டாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே கூரையையும். அவ்வளவு பெரிய கூடத்தில் குளிர் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்.

பிற்பகல் பாதி கழிந்த பிறகு எங்கள் மசோதாவின் பெயரைப் படித்தார்கள். அமைச்சர் எழுந்து இரண்டாம் வாசிப்பைத் தொடங்கினார். நாங்கள் எழுதிக் கொடுத்த உரைதான். பலமுறை படித்துத் தேய்ந்த வாக்கியங்கள், ஆனாலும் அந்தக் கூடத்தில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பேசியவர்கள் பெரும்பாலும் ஆதரித்தார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மட்டும் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். காவலாளியை ஒரு நிறுவனம் அனுப்புகிறது. அவர் நிற்பது இன்னொருவருடைய கட்டடத்தின் வாசலில். அப்படியானால் இருக்கை தரவேண்டியவர் யார்? அனுப்பியவரா, இடத்துக்காரரா? ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டு இருவருமே தராமல் விட்டுவிட்டால்?

பக்கத்தில் இருந்த இளைய அதிகாரி கோப்பைப் புரட்டினார். நான் பேனாவை எடுத்தேன். தொழிற்சங்கத்தினரோடு நடந்த சந்திப்பில் இதே கேள்வி வந்து, அதற்காகவே ஒரு பிரிவைச் சேர்த்திருந்தோம். இடத்தை யார் நிர்வகிக்கிறாரோ அவர்தான் இருக்கை தரவேண்டும். காவலாளியை அனுப்பிய நிறுவனம் அது இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தவறினால் இருவரும் பொறுப்பு. நாலு வரியில் எழுதி, பிரிவின் எண்ணைப் போட்டு, பணியாளரிடம் கொடுத்தேன். அவர் அதை அமைச்சரிடம் கொண்டுபோய் வைத்தார். தாளில் என் தாலிக் கயிற்றின் மஞ்சள் லேசாக ஒட்டியிருந்தது. தொகுப்புரையில் அமைச்சர் அதை அப்படியே வாசித்தார். கேள்வி கேட்டவர் தலையசைத்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். குழுநிலையில் யாரும் திருத்தம் கேட்கவில்லை. மூன்றாம் வாசிப்பு. சபாநாயகர் கேட்க, குரல் வாக்கெடுப்பில் "செத்துஜு" என்று ஆமோதிக்கும் சத்தம் எழுந்தது. மசோதா நிறைவேறியது. மேலதிகாரி என் கையைப் பிடித்து அழுத்தினார். இளைய அதிகாரி கோப்பை மூடிவிட்டு, "வாழ்த்துகள்" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "ரெண்டுக்கும்தான் அக்கா" என்றார்.

வெளியே வேன் பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் அப்பா. "எல்லாரும் சேந்து ஒரு சத்தம் போட்டாங்க. முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுப்பா. இன்னும் மேலவை இருக்கு. அப்புறம் மாமன்னர் ஒப்புதல்."

"நடுவுல மாமா கொஞ்சம் கண்ணசந்துட்டாரு" என்றார் கணவர். "பணியாளர் வந்து தோளத் தொட்டு எழுப்பினாரு."

"தூங்கலலா. கண்ண மூடிக் கேட்டேன்" என்றார் அப்பா. பிறகு, "அந்த வாட்ச்மேன் பத்திக் கேள்வி கேட்டாரே, அவரு நல்ல மனுசன். எந்தக் கட்சி?" என்று விசாரித்தார்.

அத்தை கட்டிக்கொடுத்த சாப்பாடு வேனில் இருந்தது. வெயிலில் சாம்பார் சூடாகவே இருந்தது, பாயசம் மட்டும் கொஞ்சம் கெட்டிப்பட்டுவிட்டது. ஏர்கான் கருவிப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்கதவைத் திறந்து வைத்து, மூவரும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போதுதான் எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. கணவர் தன் பங்கு வடையை என் இலையில் வைத்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டுத் தன் வடையை அவர் இலையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் வரவேற்பு வைத்தோம். மேடையில் அத்தை வந்தவர்களிடமெல்லாம், "பொண்ணு மாப்பிள இல்லாமலே பந்தி நடத்துனோம், கேட்டீங்களா" என்று புகார் போலச் சொன்னார். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. வரவேற்புக்கு வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி, கம்போங் மேடானில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவள், என்னைத் தனியாக ஓரம் கூட்டிப்போய், எப்போதிலிருந்து உட்காரலாம் என்று கேட்டாள். இன்னும் சில மாதம் ஆகும் என்றேன். முதலாளியிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன் என்று போனாள்.

மேலவையில் எங்கள் மசோதாவின் நாளைக் குறித்தபோது நாங்கள் கேரி தீவில் இருந்தோம். கணவரின் பள்ளி நண்பர் ஒருவர் அங்கே தோட்டத்தில் குடியிருக்கிறார். நண்டு சமைத்து வைத்திருந்தார். மேலதிகாரியின் செய்தி வந்தது: வியாழன், முதல் அலுவல், நீ வரத் தேவையில்லை, நிஜமாகவே தேவையில்லை.

"போகணுமா?" என்று கணவர் கேட்டார். கேட்டுக்கொண்டே வேன் சாவியைத் தேடினார்.

"வேணாம். ஆபீஸ்ல அந்தத் தம்பி பாத்துக்குவான். எல்லாப் பிரிவும் இப்ப அவனுக்கு அத்துப்படி" என்றேன். விரலெல்லாம் மிளகு மசாலா. போனைத் துடைத்துத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த நண்டை எடுத்தேன்.