தம்பியையும் மறித்த ஃபயர்வோல்

2009 மே 22, வெள்ளிக்கிழமை, மாலை 4.10. இலங்கையின் கல்முனைக்குடியில் கணித ஆசிரியை நஜ்லா, வீட்டு லினக்ஸ் சேர்வரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுனாமியில் மௌத்தான உம்மா தாலாட்டுப் பாடும் வீடியோ அதில்தான் இருந்தது. தோஹாவில் தம்பி றிஸ்கானுக்கு மகள் பிறந்து அன்று ஏழாம் நாள். உம்மாவின் பெயரை வைத்துவிட்டு, தாலாட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் காலையிலிருந்து யாரோ அந்நியர்கள் 4,116 தடவை கடவுச்சொல்லை ஊகித்து சேர்வருக்குள் வரப் பார்த்திருந்தார்கள். அதனால் தம்பிக்கு மட்டும் வழிவிடும்படி, சேர்வரின் காவல் மென்பொருளான ஃபயர்வோலில் விதி எழுதினாள்.

"வருகுதில்லயே ராத்தா!" என்றான் றிஸ்கான் போனில். "என்னையும் கள்ளனெண்டு நினைச்சிட்டா உங்கட மிசின்?"

"பொறுடா, கத்தாத."

எழுதியதை வாசித்தாள். முதல் வரியில் எல்லாரையும் மறித்திருந்தாள். இரண்டாவதில் றிஸ்கானை உள்ளே விட்டிருந்தாள். இருபது வருடம் யுத்தகாலச் சோதனைச்சாவடிகளில் பழகிய ஒழுங்கு அது: முதலில் எல்லாரும் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும், பிறகுதான் அடையாள அட்டை. ஃபயர்வோலோ மேலிருந்து வாசித்து, பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும்; றிஸ்கானின் வரிக்கு அது வரவேயில்லை.

வரிகளை இடம் மாற்றினாள். 4.23.

போனில் உம்மா பாடினார்.

"ராத்தா, பிள்ளை அழுகைய நிப்பாட்டிட்டு!"